சாக்குக்குள் இருந்த தலை

சீனிச் சாக்குக்குள் தலையை விட்டால் உலகத்தில் மிஞ்சுவது கால்கள் மட்டும்தான்.

கண்களுக்கென்று இரண்டு ஓட்டைகள் வெட்டியிருந்தோம். மேடையில் கதிரையில் இருந்த கொஞ்ச நேரத்திலேயே சாக்குச் சரிந்து, ஓட்டைகள் கன்னத்துக்கு வந்துவிட்டன. கீழ் விளிம்பால் என் மடி தெரிந்தது. மரத் தரை தெரிந்தது. எனக்கு முன்னால் நின்ற சறோஜா அக்காவின் கால்கள் தெரிந்தன. நாடகத்தில் அவர்தான் உடையார். வேட்டி உடுத்திருந்தார். வலது காலில் துணிக் கட்டு.

"இவளா?" என்று உடையார் கேட்டார்.

நான் தலையை ஒரு முறை ஆட்டினேன்.

அந்த நேரம் மண்டபத்தில் நடந்ததை எப்படி எழுதுவதென்று இரண்டு நாட்களாக யோசிக்கிறேன். சரசரத்துக்கொண்டிருந்த கச்சான் கடலைப் பைகள் நின்றன. பின்னால் யாரோ இருமத் தொடங்கி, பாதியில் விழுங்கினார்கள். மின்விசிறிகள் மட்டும் சுற்றின. அவ்வளவு சனமும் மூச்சை உள்ளே இழுத்துவிட்டு, வெளியே விட மறந்தது போல இருந்தது.

பஸ்ஸில் "இறக்கம்" என்று சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஆள் நான். என் வாசலில் படுத்திருக்கும் நாய்கூட என்னைக் கண்டு எழும்பியதில்லை. அப்படிப்பட்ட என் தலை ஒரு அங்குலம் அசைந்ததற்கு ஒரு மண்டபமே பயந்தது.

வசனம் இல்லாத வேஷம்

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிப்பவர்களுக்கு எங்கள் கருவாட்டு வாடியைத் தெரியும். இன்றைக்குத்தான் வந்தவர்களுக்காக ஒருமுறை சொல்கிறேன். துறைமுகத்துக்குக் கிட்ட, கடலைப் பார்த்த தகரக் கொட்டகை அது. பதினெட்டுப் பெண்கள் வேலை செய்கிறோம். காலையில் வள்ளங்களில் வரும் மீனை வெட்டி, உப்புப் போட்டு, காய வைப்போம்.

ஒவ்வொருத்திக்கும் சொந்தமாக ஒரு வெட்டுப் பலகை உண்டு. வேலை முடிந்ததும் கழுவிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போவோம். சுவரில் பலகை நிற்கும்வரை உங்களுக்கு வாடியில் இடம் இருக்கிறது. வேறு கடிதமோ கையெழுத்தோ கிடையாது.

சறோஜா அக்கா எங்கள் சங்கத்தின் தலைவி. கூரையில் தகரம் ஏறியதும், குழாயில் தண்ணீர் வந்ததும் அவர் அரசாங்கக் கந்தோர் கந்தோராக நடந்ததால்தான். அதனால் யாரைச் சேர்ப்பது, யாரை நிற்பாட்டுவது, யார் கடற்காற்று வரும் கதவடியில் இருப்பது, யார் புழுக்கத்தில் உள்ளே இருப்பது எல்லாவற்றையும் அவரே சொல்வார். நாங்கள் அதைப் பிழையாக நினைத்ததேயில்லை. மழை பெய்வதை யாராவது பிழை என்பார்களா?

மகளிர் நிகழ்ச்சி ஒன்றுக்காக எங்களுக்கு நாடகம் பழக்க நஸீர் சேர் வந்தார். கிண்ணியாவில் பிள்ளைகளுக்கு நாடகம் படிப்பிப்பவர். மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து, தலைக்கவசத்துக்குள் ஒரு கொப்பியைச் செருகிக்கொண்டு வருவார். கதையும் அவர் எழுதியதுதான்.

மழை பொய்த்த ஊர் ஒன்று. மாடுகள் சாகின்றன. ஊருக்குத் தலைவரான உடையார் வீட்டுப் பெண்ணுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று உடையார் விசாரணை வைக்கிறார். சூனியக்காரியின் கண் படக்கூடாது என்று காய்ச்சல்காரப் பெண்ணின் தலையை மூடிக் கதிரையில் இருத்துகிறார்கள். ஊர்ப் பெண்களை ஒவ்வொருத்தியாக முன்னால் கொண்டுவருகிறார்கள். அவள் காட்டுகிற ஆளை ஊரைவிட்டுத் துரத்துகிறார்கள்.

"உடையார் கெட்டவர் இல்லை," என்று நஸீர் சேர் சறோஜா அக்காவுக்கு விளங்கப்படுத்தினார். "முதல் பெண்ணை அவர் உண்மையாப் பயந்துதான் துரத்துறார். மூன்றாவது பெண் வரேக்குள்ளதான் அவருக்கு இது வசதியாக் கிடக்கு எண்டு விளங்குது. தன்னை எதிர்த்துக் கதைச்ச ஆக்களைக் கதிரைக்கு முன்னால கொண்டந்து விட்டால் காணும்."

"எனக்கு விளங்குது சேர்," என்றார் சறோஜா அக்கா.

தலை மூடிய பெண்ணுக்கு வசனமே இல்லை. ஜெஸீமா உடனே என்னைக் காட்டினாள். அவளும் கிண்ணியாதான், எனக்குப் பக்கத்துப் பலகை. "இது புஷ்பத்துக்கெண்டே எழுதினது சேர். இவ வாயத் திறந்தா கடல் வத்திப்போகும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் பெயரை எழுதிவிட்டார்கள்.

பாண்காரர்

கொப்பியில் இருந்தபடி நான் கையை நீட்டிக் காட்டவேண்டும். என்னால் ஏலவில்லை. வளர்ந்த ஒரு மனிதரை நோக்கி என் வாழ்க்கையில் நான் விரல் நீட்டியதில்லை. நாலைந்து தரம் முயன்று, கடைசியில் வெட்கத்தில் தலையை மட்டும் ஆட்டினேன்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"ஐயோ," என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். "தலையாட்டி."

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். யுத்த காலத்தில் இயக்கத்தவரைத் தேடி இராணுவம் எங்கள் பக்கம் சுற்றிவளைத்தால் சனத்தை ஒரு வெளியில் கூட்டி வரிசையில் விடுவார்கள். வரிசையின் முடிவில் தலையில் சாக்குப் போட்ட ஒருவர் இருப்பார். நம்மில் ஒருவர்தான், யாரென்று தெரியாது. ஒவ்வொருவராக அவருக்கு முன்னால் நிற்கவேண்டும். சாக்கு அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அசைந்தால் அந்த ஆளைத் தனியே ஏற்றிப் போவார்கள்.

எனக்கு அப்போது பதின்மூன்று, பதினாலு வயது இருக்கும். பள்ளிக்கூட மைதானம். வெயில். என் பெரியண்ணா வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் எங்கள் ஒழுங்கைக்குச் சைக்கிளில் பேக்கரிப் பாண் கொண்டுவருபவர். அண்ணா சாக்குக்கு முன்னால் நின்றபோது அம்மா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் இறங்கியது. சாக்கு அசையவில்லை. அண்ணா நடந்தார்.

அடுத்தது பாண்காரர். சாக்கு அசைந்தது. அது ஆட்டலா, உள்ளே இருந்தவர் தும்மினாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பாண்காரரை ஏற்றினார்கள். அவருடைய சைக்கிள் நெடுநாள் பள்ளிக்கூட மதிலோடு நின்றது. அவர் வரவே இல்லை.

எனக்கு அப்போது வந்தது சந்தோஷம். எங்கள் அண்ணா இல்லை என்ற சந்தோஷம். இதை இன்றைக்குத்தான் முதன்முதலாக எழுதுகிறேன்.

நஸீர் சேர் கொப்பியை மூடிவிட்டார். "அக்காமார், வேண்டாமெண்டா இதை மாத்துவம். எனக்கு இது தோணேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

 கதவடியில் இருந்த நிர்மலாதான் சொன்னாள். "இருக்கட்டும் சேர். சாக்கும் போடுவம்."

நிர்மலா ஈச்சிலம்பற்றுப் பிள்ளை. முப்பது வயது வராது. புருஷன் விட்டுவிட்டுப் போனபின் கைக்குழந்தையோடு இங்கே வந்தவள். அவள் வீட்டு அடுப்பு எரிவது அந்த ஒரு பலகையில்தான். நாடகத்தில் அவளுக்கு ஐந்தாவது பெண்ணின் வேஷம். கடைசியாகத் துரத்தப்படுபவள்.

உருண்டு வந்த தேசிக்காய்

உடுப்புத் தைக்கிற வேலை என்னுடையது. வாடியில் மேசை என்று இருப்பது சறோஜா அக்காவின் மேசை ஒன்றுதான். பின்னேரங்களில் அவர் போனபின் அதில் வைத்து உடையாரின் தலைப்பாகைக்குக் கரை தைத்தேன். வாடியில் எல்லாரும் வெறுங்காலோடு நடப்பவர்கள். குண்டூசி கீழே விழுந்தால் வில்லங்கம். மீன் மணம் போகக் கை கழுவுவதற்கு வைத்திருந்த தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, ஒன்றை எடுத்து, ஊசிகளை அதில் குத்திக் குத்தி வைத்தேன். ஒருநாள் மழை இருட்டியது. அவசரமாகத் துணியைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டேன். தேசிக்காயை மறந்துபோனேன்.

அது கெட்ட மாதம். ஐஸ் பெட்டி பழுதாகி இரண்டு கூடை சூரை நாறிப்போனது. சறோஜா அக்காவின் காலில் முள் குத்திய புண் ஆறவேயில்லை. அதற்கு மேல், யார் எங்கே இருப்பது என்பதைச் சீட்டுப் போட்டுப் பார்ப்போமே என்று, தனக்குக் கதவடி இடம் இருந்தும், நிர்மலா கூட்டத்தில் கேட்டிருந்தாள். "எப்பவும் நீங்கள் மட்டும் சொல்லுறது சரியில்லை அக்கா," என்று சிரித்தபடிதான் கேட்டாள். சறோஜா அக்கா சிரிக்கவில்லை.

சில நாள் கழித்துக் காலையில் அவர் கதிரையை இழுத்தார். அதன் அடியில் கிடந்த தேசிக்காய் உருண்டு வந்து நடுவில் நின்றது. சுருங்கிக் கறுத்து, உடம்பெல்லாம் துருப்பிடித்த ஊசி.

"ஆரும் தொடாதேங்கோ," என்றார். குரல் நடுங்கியது. அந்தக் குரல் நடுங்கி நாங்கள் கேட்டதில்லை. ஜெஸீமா வாய்க்குள் ஓதிக்கொண்டு பின்னுக்குப் போனாள்.

காலையில் வாடியைத் திறப்பவள் நான். அவர் என்னைப் பார்த்தார்.

"புஷ்பம், நேற்று உனக்குப் பிறகு முதல் வந்தது நிர்மலாவா?"

ஆட்டினேன். அது உண்மை.

"இந்த மேசையடிக்கு வந்தவளா?"

ஆட்டினேன். மீன் கழுவுகிற பேசின் எடுக்க வந்தவள்.

அப்போதுதான் தேசிக்காயைச் சரியாகப் பார்த்தேன். ஒரு ஊசிக்கு நீலத் தலை. என் பெட்டியில் நீலத் தலை ஊசி ஒன்றுதான் இருந்தது. அது நான் மறந்து விட்டுப் போனது.

"என்ட கதிரையைத் தொட்டவளா?"

தொட்டவள்தான். பேசின் அதற்குப் பின்னால் இருந்தது. நான் மூன்றாம் தரமும் ஆட்டினேன்.

மூன்றும் உண்மை. மூன்றையும் சேர்த்தால் பொய்.

"என்னக்கா இது, நான் ஏன் உங்களுக்குச் செய்வினை வைக்கிறன்?" என்று நிர்மலா எழும்பினாள்.

"நான் சொல்லேல்லை. புஷ்பம் கண்டிருக்கிறா."

நிர்மலா என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் போதும். ஆனால் என் பலகையும் அதே சுவரில்தான் சாய்ந்திருந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

சறோஜா அக்கா நிர்மலாவின் பலகையைத் தூக்கிக்கொண்டு போய், எல்லாரும் பார்க்க, கதவுக்கு வெளியே வெயிலில் கவிழ்த்துப் போட்டார்.

அவள் வந்தாள்

அன்று பின்னேரம் ஒத்திகைக்கு நிர்மலா வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரத்துக்கு வந்தாள்.

"இவள் இனி இதிலயும் வேண்டாம்," என்றார் சறோஜா அக்கா.

"எட்டு நாள்தான் கிடக்கு அக்கா. வேற ஆளுக்குப் பழக்க ஏலாது," என்றார் நஸீர் சேர். வாடியில் நடந்தது அவருக்குத் தெரியாது.

"பலகையை எடுத்தாச்சு," என்று நிர்மலா சொன்னாள். "வேஷத்தை நான் விடமாட்டன். நான் செய்யேல்லை எண்டு சத்தமாச் சொல்லுறதுக்கு எனக்கு வேற இடம் இல்லை."

எட்டு நாளும் வந்தாள். எட்டு நாளும் உடையாருக்கு முன்னால் நின்று "நான் செய்யேல்லை" என்று சொன்னாள். எட்டு நாளும் நான் சாக்குக்குள் இருந்து ஆட்டினேன். என்னிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் மட்டும் சாக்கைக் கழற்ற உதவி செய்துகொண்டே, "உள்ளுக்க சரியான வேர்வை என்னக்கா," என்றாள்.

நான் அந்தப் பிள்ளையை அண்ணாந்து பார்த்தேன். அவளை அதற்கு முன் மீன் வெட்டும் ஒருத்தியாகத்தான் தெரியும். இப்போது எனக்கு அவளுக்குக் கிட்டப் போகவே பயமாக இருந்தது. கோயிலில் கர்ப்பக்கிருகத்துக்குக் கிட்டப் போகும்போது வருமே, அந்த மாதிரிப் பயம்.

ஐந்தாவது பெண்

இனி மேடைக்கு வருகிறேன். பின்னேரம் நாலு மணி நிகழ்ச்சி. வெளியே துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது மண்டபத்துக்குள் கேட்டது.

முதல் பெண். ஆட்டினேன். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. ஒவ்வொரு ஆட்டலுக்கும் சனம் இன்னும் இறுகியது. முன்வரிசையில் வயதான ஒருவர் தலையைக் குனிந்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டதாக ஜெஸீமா பிறகு சொன்னாள்.

சாக்குக்குள் என் மூச்சே எனக்குச் சுட்டது. மைதானத்தில் இருந்த அந்தத் தலையை நினைத்தேன். இத்தனை வருடமாக அதை ஒரு பேயாகத்தான் நினைத்திருந்தேன். அதற்குள்ளும் வேர்த்து வழிந்துகொண்டு, தன் பலகை போய்விடுமே என்று பயந்த ஒரு ஆள் இருந்திருக்கலாம். ஆட்டுகிற தலைக்குத் தன் பலம் தெரியாது. கேட்கிறவருக்குத்தான் தெரியும். இது எனக்கு அங்கே, அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் விளங்கியது. 

ஐந்தாவதாக இரண்டு கால்கள் வந்து நின்றன. நிர்மலாவின் கால்கள். பெருவிரலில் கத்தி பட்ட பழைய தழும்பு.

"நான் செய்யேல்லை," என்றாள்.

"இவளா?" என்றார் உடையார்.

என் தலை அசையவில்லை. நான் முடிவெடுத்தேன் என்று எழுதினால் பொய். கழுத்து மறுத்துவிட்டது.

கட்டுப் போட்ட கால் கிட்ட வந்தது. "ஆட்டு புஷ்பம்," என்று மெதுவாகக் கேட்டது. பிறகு உடையாரின் குரலில், சத்தமாக: "இவளா?"

நான் சாக்கைக் கழற்றினேன். வெளிச்சம் கண்ணில் அடித்தது. எழும்பிச் சொன்னேன்.

"தேசிக்காய் என்ட. ஊசி குத்தினது நான். உங்கட தலைப்பாகை தைக்கிறதுக்கு."

சனத்துக்கு இது நாடகம். ஒருவரும் அசையவில்லை. மேடை ஓரத்தில் நஸீர் சேர் கொப்பியைப் புரட்டிப் புரட்டி இந்த வசனத்தைத் தேடினார். சறோஜா அக்காவின் முகத்தில் பூசியிருந்த மீசை ஒரு பக்கம் வேர்வையில் கரைந்திருந்தது.

நிர்மலா என்னைப் பார்க்கவில்லை. அவரை மட்டும் பார்த்தாள்.

"இப்ப என்ன செய்யப்போறீங்கள், உடையார்?"

அவ்வளவு பெரிய மண்டபம் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தது. ஊரில் ஒருவரும் மிஞ்சாமல் உடையார் தனியே நிற்பதுதான் கொப்பியில் இருந்த முடிவு. சறோஜா அக்கா நெடுநேரம் நின்றார். பிறகு, "விசாரணை முடிஞ்சுது," என்றார். நொண்டிக்கொண்டு மேடையைவிட்டு இறங்கிப் போனார்.

கைதட்டல் ஓய வெகு நேரம் எடுத்தது.

மேடைக்குப் பின்னால் சறோஜா அக்கா தண்ணீர்ப் போத்தலோடு இருந்தார். "ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?" என்று என்னைக் கேட்டார்.

"ஆர் வச்சதெண்டு நீங்கள் கேக்கேல்லை அக்கா. நிர்மலாவோ எண்டுதான் கேட்டனீங்கள்," என்றேன். கொஞ்சம் பொறுத்து மற்றதையும் சொன்னேன். "எனக்குப் பயமும்தான்."

அவர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நான் தைத்த கரையை விரலால் தடவினார்.  நிர்மலா எங்கள் ஒருவரோடும் பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பலகை

திங்கட்கிழமை நான் வாடியைத் திறந்தபோது சறோஜா அக்கா ஏற்கெனவே வாசலில் நின்றார். நிர்மலாவுக்கு ஆள் அனுப்பியிருந்தாராம். அவளுடைய பலகையைத் தானே உரஞ்சிக் கழுவிக் கையில் வைத்திருந்தார். ஈரப் பலகை, பலாக்கட்டை. நல்ல பாரம்.

நிர்மலா வந்தாள். கதவடியில் நின்றாள்.

"இந்தா, வை. போய் உன்ட இடத்தில இரு," என்றார் சறோஜா அக்கா.

நிர்மலா கை நீட்டவில்லை. "எல்லாருக்கும் முன்னால எடுத்தனீங்கள் அக்கா. எல்லாரும் வரட்டும்."

அப்போது ஏழு பேர்தான் வந்திருந்தோம். இவள் கெட்டாள் என்று நினைத்தேன். சறோஜா அக்காவை ஒருவரும் காத்திருக்க வைத்ததில்லை. மீன் கூடைகள் வந்து இறங்கின. ஐஸ் உருகி என் காலடியில் ஓடியது. ஒருவரும் கத்தியைத் தொடவில்லை. ஒவ்வொருத்தியாக வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பார்த்து, அப்படியே நின்றார்கள். பலகையிலிருந்து வடிந்த தண்ணீர் சறோஜா அக்காவின் சேலையை நனைத்தது. அவர் அதைக் கீழே வைக்கவில்லை.

கடைசியாக வந்தது ஜெஸீமா. கிண்ணியா பஸ் பிந்திவிட்டது. "என்ன, மையித்து எடுக்கிற வீடு மாதிரி நிக்கிறீங்க," என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தவள், வாயை மூடிக்கொண்டாள்.

பதினெட்டுப் பேர்.

"நிர்மலா செய்யேல்லை," என்றார் சறோஜா அக்கா. "நான் விசாரிக்கேல்லை. எனக்கு அவளில கோவம் இருந்தது. அதுக்கு ஒரு சாட்டுக் கிடைச்சுது."

நான் வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"புஷ்பமக்கா," என்று நிர்மலா கூப்பிட்டாள். நாடகத்துக்குப் பிறகு என்னோடு அவள் பேசிய முதல் சொல். "நிமிந்து பாருங்கோ. நீங்களும் பாக்கவேணும்."

நிமிர்ந்து பார்த்தேன். சறோஜா அக்கா, புண் காலை ஒரு பக்கம் நீட்டி, பலகையை இரண்டு கையாலும் பிடித்தபடி குனிந்தார். காற்று வரும் கதவடியில், நிர்மலாவின் இடத்தில், அதைச் சத்தமில்லாமல் வைத்தார்.